நம்ம வீட்டு வக்கீல்

சுருளிவேலைப் போலீசார் பிடித்துக்கொண்டு போன மறுநாள், ராசிங்காபுரத்தில் அவனுடைய அக்கா அன்னக்கொடியைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பேரைத்தான் சொன்னார்கள்.

"நம்ம வீரையா இருக்கான்ல. நீ எதுக்கு ஆத்தா கலங்குற?"

அது 1909ஆம் வருஷத்து ஐப்பசி. மலையில் ஏலக்காய் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. குரங்கணிக்கு மேலே ஒரு பெரிய தோட்டத்தில் ஆள்களை மேய்த்துக்கொண்டிருந்த கங்காணி திருப்பதி, மலைப்பாதைக்குக் கீழே பாறை இடுக்கில் தலை பிளந்து செத்துக் கிடந்தான். அந்தத் தோட்டத்தை ஒட்டித்தான் சுருளிவேலின் சின்ன ஏலத் தோட்டமும் இருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் வந்து கங்காணியின் ஆள்கள் காய் பறித்துவிட்டார்கள் என்று, முந்தின வாரம் குரங்கணியில் பத்துப் பேர் பார்க்க அவன் திருப்பதியின் சட்டையைப் பிடித்திருந்தான். "உன்னைய இந்த மலையிலயே பொதைக்கிறேனா இல்லையா பாரு" என்று கத்தியும் இருந்தான்.

அது மட்டும் என்றால் கோபத்தில் சொன்ன வார்த்தை என்று போயிருக்கும். ஆனால் ஊர் நாட்டாமை ராக்கையா தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். பொதிமாடுகளில் சுமை இறக்குவதைப் பார்க்கக் குரங்கணிக்குப் போயிருந்தாராம். விளக்கு வைக்கிற நேரம், கறுப்புக் கம்பளி போர்த்திய ஒரு ஆள் மேலேயிருந்து ஓடி வந்தானாம். அது சுருளிவேல்தானாம். ராக்கையா பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. தாசில்தார் ஊருக்கு வந்தாலும் அவரைத்தான் முதலில் கூப்பிட்டு விசாரிப்பார்.

சுருளிவேலுக்கோ அன்றைக்கு மலைக்காய்ச்சல். தன் குடிசையில் தனியாகச் சுருண்டு கிடந்தான். அதைச் சொல்ல அவனைத் தவிர வேறு ஆள் இல்லை.

வீரையா யார் என்பதைச் சொல்ல வேண்டும். அன்னக்கொடியின் பக்கத்து வீட்டுப் பையன். தாய் மொக்கம்மாள் அவனை நடை பழகும் வயதில் விட்டுவிட்டுச் செத்துப்போனாள். அன்னக்கொடிக்கும் அப்போது தாய் தகப்பன் இல்லை. தம்பி சுருளிவேலை அவள்தான் வளர்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய்க்குப் பிசைந்த சோற்றில் இன்னொரு வாய்க்கும் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒன்றாகவே வளர்ந்தார்கள். சுருளிவேல் மலையேறினான். வீரையா மதுரைக்குப் போய்ப் படித்தான். இப்போது பெரியகுளத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல். அந்த வட்டாரத்தில் ஏர் பிடிக்கிற சம்சாரி வீடுகளிலிருந்து சட்டம் படித்த முதல் ஆள். புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாக நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்த அன்னக்கொடிக்கு அவனைப் பற்றிப் பேச்சு வந்தாலே முகம் மலரும்.

ஒன்றுதான் இடித்தது. வீரையா கட்டியிருந்தது ராக்கையாவின் மகள் வேலுத்தாயை.

மூன்றாம் நாள் ராக்கையாவே அவளுடைய சோளக்கொல்லைக்கு வந்தார். வரப்பில் நின்றபடி பேசினார்.

"தாயி, பாத்ததைச் சொல்லாம இருக்க எனக்குத் தெரியாது. அதுக்காக உன் தம்பி நாதியில்லாம நிக்கணும்னு நான் நெனைக்கல. நம்ம மாப்ளையையே வச்சுக்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அன்னக்கொடி தலையை மட்டும் ஆட்டினாள். அவர் போன பிறகும் கையிலிருந்த அரிவாள் ஓடவில்லை. எதிர்ச்சாட்சி வந்து, என் மருமகனையே வக்கீலாக வைத்துக்கொள் என்கிறார். மனசு சுத்தமாக இருப்பதால் சொல்கிறாரா, இல்லை அவன் தன்னை ஒன்றும் செய்ய மாட்டான் என்று தெரிந்து சொல்கிறாரா? அவருடைய முகத்தில் எதுவும் படிக்க முடியவில்லை.

உறவுக்காரன் மொக்கச்சாமியின் வண்டியைப் பூட்டச் சொல்லிப் பெரியகுளம் போனாள். முதலில் சப் ஜெயிலில் தம்பியைப் பார்த்தாள். காய்ச்சல் இன்னும் விடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான்.

"அக்கா, வீரையாகிட்டச் சொல்லிட்டியா?"

"இனிமேத்தான் போறேன்."

"அவனையே வையி. வேற எந்த வக்கீலு வந்தாலும் நான் செஞ்சிருப்பேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் பேசுவான். வீரையா ஒருத்தன்தான் என்னைய நம்புவான்."

"நாட்டாமை சொல்றாரேடா. விளக்கு வைக்கிற நேரம் பாத்தேங்கிறாரே."

"அந்த நேரத்துல அந்தக் காட்டுக்குள்ள என்னக்கா தெரியும்? மழை மேகம் வேற. எனக்கே காலடி தெரியாது."

அன்னக்கொடிக்கு அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. போன மாட்டுப்பொங்கலன்று ராக்கையாவின் களத்தில் ஒரு காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பொழுது சாய்ந்திருந்தது, ஆனால் மேற்கே வானம் இன்னும் வெளிச்சமாகத்தான் இருந்தது. காளை கிழக்கே ஓடுகிறது, ராக்கையா வடக்கே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பொங்கலுக்கு வந்திருந்த வேலுத்தாய் ஓடிப் போய் அவர் கையைப் பிடித்து, "அப்பா, இந்தப் பக்கம்" என்று மெல்லத் திருப்பி வீட்டுக்குள் கூட்டிப் போனாள். அப்போது அன்னக்கொடி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயசான மனுஷன், பதற்றத்தில் தடுமாறுகிறார் என்று நினைத்தாள்.

மாலைக்கண்ணோ?

அப்படி இருந்தால் அது அந்த வீட்டு ஆள்களுக்கு மட்டும்தான் தெரியும். பொழுது சாய்ந்த பிறகு பஞ்சாயத்துக்கு உட்காருகிற மனுஷனுக்கு எதிரில் நிற்கிறவன் முகமே தெரியாது என்றால், யார் அவரை நாட்டாமையாக வைத்திருப்பார்கள்? வீட்டு ஆள் என்றால் வேலுத்தாய். அப்புறம் வீரையா.

வீரையாவின் வீட்டில் அவளை உட்கார வைத்து வேலுத்தாய் இலை போட்டாள். வீரையா சாப்பிடாமல் பேசிக்கொண்டே இருந்தான். அவன் இதுவரை நடத்தியதெல்லாம் நில வழக்கு, வாய்க்கால் வழக்கு. கொலை வழக்கு இதுதான் முதல். ஆனாலும் குரலில் ஒரு வேகம் இருந்தது.

"நீ ஒண்ணுக்கும் கவலைப்படாத அக்கா. மதுரையில ஜட்ஜு முன்னாடி நான்தான் நிப்பேன். சுருளி வழக்கை வேற ஒருத்தன் நடத்துனா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குள்ள வர்றது?"

"உன் மாமனாரை நீதானே தம்பி கேள்வி கேக்கணும்?"

"கேக்குற விதமாக் கேப்பேன்."

அன்னக்கொடி சோற்றில் கை வைத்தபடி அவனைப் பார்த்தாள். கேட்டால் இந்த வீட்டில் இனி பழைய மாதிரி உட்கார முடியாது. அவனே ஊருக்கு ஆள் அனுப்பி மாமனாரை உஷார்ப்படுத்தினாலும் படுத்துவான். கேட்காமல் போனால் தம்பியின் கழுத்து. அவள் கேட்டுவிட்டாள்.

"பொழுது சாஞ்சா உன் மாமனாருக்குக் கண்ணு தெரியுமா?"

ரசம் ஊற்றக் குனிந்த வேலுத்தாயின் கை அப்படியே நின்றது. வீரையாவின் முகம் வெளுத்துப்போனது.

"யாரு சொன்னா?" என்றான்.

அந்த இரண்டு வார்த்தை அன்னக்கொடிக்குப் போதுமாக இருந்தது. வேலுத்தாய் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். வெகு நேரம் வெளியே வரவில்லை.

"கோர்ட்டுல இதைக் கேப்பியா?"

"அக்கா, அது அவரு மானம். என்னைய நம்பிப் பொண்ணைக் குடுத்தவரு. வீட்டுக்குள்ள இருக்குறதை வெளியில போட்டு உடைக்கவா எனக்குக் குடுத்தாரு? வேற கேள்வி எத்தனையோ இருக்கு. தூரம் எவ்வளவு, மழை இருந்துச்சா, கம்பளி போத்துனவன் மலையில எத்தனை பேரு... இப்படியே உடைக்கலாம்."

"அது போதுமா?"

 வீரையா எதிரே இருந்த சோற்றைப் பார்த்தான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசிலேயே வராது.

"போதாமப் போனாலும் போகலாம்" என்றான் கடைசியில்.

அவள் எழுந்து கை கழுவினாள். வாசல் வரை வந்தவன் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்னைய விட்டுட்டு வேற ஆளைத் தேடிப் போயிராத அக்கா. ஊரே சிரிக்கும்" என்றான். அவள், "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றாள். அவன் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

பெரியகுளத்திலிருந்து தேனி வரைக்கும் அவள் இதையே யோசித்துக்கொண்டு வந்தாள். வீரையாவைவிடத் தன் தம்பி மேல் அக்கறையுள்ள வக்கீல் மதுரை ஜில்லாவில் ஒருத்தன் கிடைக்க மாட்டான். அந்த அக்கறையே மாமனார் மேலும் இருக்கிறதே. கூண்டில் நிற்கிற பெரியவர், 'என்ன மாப்ள' என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தால் போதும், இவன் கேள்வி தொண்டைக்குள் போய்விடும். அவனை வைக்காமல் போனால்? தாயில்லாப் பிள்ளைக்குச் சோறு போட்ட கையாலேயே அவன் முகத்தில் அடித்த மாதிரி ஆகும். தன்னை நம்பவில்லை என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். அது உண்மையும்கூட.

தேனி வந்ததும் மொக்கச்சாமி மாட்டை இழுத்து நிறுத்தினான். மேற்கே போனால் போடி. கிழக்கே போனால் ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி, மதுரை.

"எங்கிட்டுக்கா ஓட்ட?"

அவள் மலையைப் பார்த்தாள். மேலே முழுக்க மேகம். அந்த மேகத்துக்குள் எங்கேயோ தம்பியின் குடிசை ஆள் இல்லாமல் கிடக்கிறது.

"கிழக்க ஓட்டு" என்றாள்.

"வீரையா?"

"ஓட்டுங்கிறேன்ல."

மதுரையில் அவளுக்கு யாரையும் தெரியாது. கோர்ட்டு வாசலில் நின்றவர்களை விசாரித்து ஒரு வக்கீலின் வீட்டுக்குப் போனாள். கொலை வழக்குகளில் பேர் போனவர். அவள் அழுதபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அழாம நடந்ததைச் சொல்லு" என்றார். உன் தம்பி செய்தானா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.  ஆனால் கண் விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் கேட்பேன். அவர் இல்லைம்பார். ஊர்ப் பெரிய மனுஷன் இல்லைன்னா ஜட்ஜ் அதைத்தான் நம்புவார். அந்த வீட்டு ஆள் யாராவது வந்து சொல்லணும். இருக்காங்களா?"

"மருமகன் இருக்காருங்க. அவரே வக்கீலுதான்."

"அவரை இந்த வழக்குக்கு வக்கீலா வச்சிருக்கியா?"

"இல்லைங்க."

"நல்ல வேளை. வச்சிருந்தா அவரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாம போயிருக்கும். சம்மன் அனுப்பிடறேன்."

 அந்தக் கேள்வி அவன் வாயில் வராது என்றுதான் அன்னக்கொடி அவனை விட்டு விலகி வந்தாள். இப்போது அவனையே கூண்டில் ஏற்றிப் பதிலைச் சொல்ல வைக்க வேண்டும் என்கிறார்கள். வக்கீல் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி வேணுமா வேணாமா? அதைச் சொல்லு" என்றார்.

"வேணும் சாமி" என்றாள். "ஆனா காகிதம் போறதுக்கு முந்தி நானே போய்ச் சொல்லிடறேன்."

திரும்பி வரும் வழியில் மறுபடி பெரியகுளம் போனாள். வீரையா கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவன் கோட்டில் ஒரு கையை நுழைத்தவன், மறு கையை நுழைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தான்.

"வக்கீலா நான் வேணாம். சாட்சியா வேணுமா?"

"தம்பி..."

"உன் கையால சோறு தின்னுருக்கேன். அதுக்கு இதான் கூலியா?"

"உன் தொண்டைக்குள்ள அந்தக் கேள்வி நிக்கும்னு எனக்குத் தெரியும்டா. நீ வக்கீலா நின்னு சுருளியத் தொலைச்சுட்டா, அதுக்கப்புறம் நீ எப்படி இருப்ப? அதையும்தான் நெனச்சேன்."

"எனக்காக நீ நெனைக்க வேணாம்."

உள்ளே வேலுத்தாய் நிற்பது கதவின் கீழே தெரிந்த காலால் தெரிந்தது. அவள் அழவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. வீரையா இன்னொரு கையையும் கோட்டில் நுழைத்தான்.

"சம்மன் வந்தா வருவேன். வராம இருக்க முடியாது. வந்து என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியாது. அதை நம்பி நீ இருக்காத."

தை மாதம் மதுரையில் வழக்கு வந்தது. வெள்ளைக்கார ஜட்ஜ். தமிழைக் கேட்டு இங்கிலீஷில் சொல்ல ஒரு ஆள். சுருளிவேல் கூண்டில் எலும்பும் தோலுமாக நின்றான். தன் வழக்குக்கு வீரையா வக்கீல் இல்லை என்று தெரிந்த நாளிலிருந்து அவன் அக்காவோடு சரியாகப் பேசவில்லை. அன்னக்கொடி ஜன்னலோரம் நின்றாள். அங்கிருந்து வராந்தா தெரிந்தது. சாட்சிகளுக்கான பலகையில் வீரையா உட்கார்ந்திருந்தான். கோட்டுப் போடாமல், வேட்டி துண்டோடு வந்திருந்தான்.

ராக்கையா சாட்சிக் கூண்டில் ஏறினார். சத்தியம் வாங்கினார்கள். சர்க்கார் வக்கீல் கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னார். குரல் எங்கேயும் தடுமாறவில்லை. அவர் சொல்லச் சொல்ல அன்னக்கொடிக்கே அந்தப் பாதையும் ஓடிவரும் ஆளும் கண்ணில் தெரிந்தது.

பிறகு மதுரை வக்கீல் எழுந்தார். தூரம் எவ்வளவு என்று கேட்டார். மழை உண்டா என்று கேட்டார். கம்பளி போர்த்தாத ஆள் மலையில் உண்டா என்று கேட்டார். எல்லாம் வீரையா சொன்ன அதே கேள்விகள். ராக்கையா எதற்கும் அசையவில்லை.

"ஐயா, பொழுது சாய்ஞ்ச பிறகு உங்களுக்குக் கண் தெரியுமா?"

 ராக்கையாவின் கை கூண்டுக் கட்டையை இறுக்கியது. இல்லை என்று சொல்லப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் வாயைத் திறந்தார். அப்போது அவர் பார்வை வக்கீலைத் தாண்டி வாசல் பக்கம் போனது. பகல் வெளிச்சத்தில் அவருக்குக் கண் நன்றாகவே தெரியும். வராந்தாவில் மருமகன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். தலை குனிந்திருந்தது. எதற்காக அவனை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தான் இல்லை என்றால் அடுத்து அவனைக் கூப்பிடுவார்கள். அவன் ஒன்று சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஊர் அறிய மாமனாரைப் பொய்யனாக்க வேண்டும்.

மொழிபெயர்க்கிற ஆள் காத்துக்கொண்டிருந்தான். ஜட்ஜ் தலையை நிமிர்த்தினார்.

"மங்கும்" என்றார் ராக்கையா.

"எவ்வளவு மங்கும்?"

"ஆளு தெரியும். முகம் தெரியாது."

"அப்ப சுருளிவேல்னு எப்படிச் சொன்னீங்க?"

"கம்பளியப் பாத்தேன். 'யாருப்பா'ன்னேன், பதில் இல்லை. மறுநா கங்காணி செத்துட்டான்னாங்க. அவங்களுக்குள்ள சண்டைன்னு ஊருக்கே தெரியும். அவனாத்தான் இருக்கும்னு மனசுல பதிஞ்சுபோச்சு." சற்று நிறுத்திவிட்டு, "முகத்தைப் பாக்கல" என்றார்.

வீரையாவை யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் சுருளிவேலை விடுதலை செய்தார்கள். திருப்பதி எப்படிச் செத்தான், யாராவது அடித்தார்களா, மழையில் வழுக்கி விழுந்தானா, அந்தக் கம்பளி ஆள் யார் என்பதெல்லாம் கடைசிவரை தெரியாமலே போனது.

சாட்சி சொல்லிவிட்டு ராக்கையா படியிறங்கியபோது அன்னக்கொடி ஓடிப் போய் அவர் காலில் விழுந்தாள். அவர் விலகிக்கொண்டார். கோபம் இல்லை; களைத்துப் போயிருந்தார்.

"என் கண்ணைப் பத்தி எங்கிட்டயே கேட்டிருக்கலாமே தாயி" என்றார். "கொல்லைக்கு வந்து நின்னேனே."

 பெரியகுளம் போனாள், மதுரை போனாள், வீரையாவிடம் கேட்டாள், வக்கீலிடம் சொன்னாள். நேரே இவரிடம் போய்க் கேட்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா? சொல்லியிருப்பார் என்று சில நாள் தோன்றும். யாருமில்லாத கொல்லையில் கேட்டிருந்தால் அரிவாளைப் பிடுங்கி வீசிவிட்டுப் போயிருப்பார் என்று சில நாள் தோன்றும். அதற்குப் பிறகு அவள் இருந்த காலமெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடந்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் ராக்கையா நாட்டாமையை விட்டுவிட்டார். யாரும் விடச் சொல்லவில்லை. பொழுது சாய்ந்தால் வேலைக்காரன் தோளைப் பிடித்துக்கொண்டு ஊர் நடுவிலேயே நடந்து போனார். அவர் இறந்தபோது அன்னக்கொடி துக்கத்துக்குப் போனாள். வேலுத்தாய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். வீரையா வாசலில் நின்று, "வாங்க" என்றான். அவன் அவளை வாங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு எப்போது பார்த்தாலும் மரியாதை குறையாமல் வாங்க, போங்க என்றுதான் பேசினான்.

சுருளிவேல் ஏலத் தோட்டத்தை விட்டுவிட்டு வயலோடு நின்றுகொண்டான். கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தன. அவனும் வீரையாவும் மட்டும் பழையபடி ஆகிவிட்டார்கள். சோலி இருக்கிறதோ இல்லையோ, மாதம் ஒரு தடவை பெரியகுளம் போய் வீரையாவின் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவான். அவன் வரும்போது அன்னக்கொடி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பாள்.

"வீரையா நல்லா இருக்கானா?" என்பாள், திரும்பாமலே.

"இருக்கான்க்கா" என்பான்.

அதற்கு மேல் அவளும் கேட்க மாட்டாள், அவனும் சொல்ல மாட்டான்.